34 ஆட்டம் ஆடிவிட்டு ஒரே ராத்திரியில் கப்பைத் தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்?

விடிகாலை அலாரம்:

பத்து வருஷமாக என்பிஏ, அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக், மட்டும் பார்க்கிற ஆள் நான். விடிகாலையில் எழுந்து பல் கூடத் தேய்க்காமல் பிளேஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்து வரும் நாக்-அவுட் சுற்று) பார்க்கிற வகை. ஏழு ஆட்டத் தொடரில் நான்கு ஜெயித்தால்தான் அடுத்த சுற்று, அதுதான் நியாயம் என்று பழகிவிட்டது.

2025 மே மாதம் அபுதாபியில் நடந்த யூரோலீக் ஃபைனல் ஃபோரைத் தற்செயலாகப் பார்த்தேன். ஐரோப்பிய அணிகளின் லீகில் மிஞ்சிய நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடி, அரையிறுதி, இறுதி எல்லாவற்றையும் ஒற்றை ஆட்டமாக ஆடி முடிப்பது அது. இறுதியில் துருக்கியின் ஃபெனர்பாச்சே மொனாக்கோவை 81-70 என்று அடித்தது. ஆட்டம் ரொம்பப் பிடித்திருந்தது, அது வேறு விஷயம். அப்புறம் புள்ளிப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், கடுப்பாகிவிட்டது. அந்த சீசனில் 18 அணி, ஆளுக்கு 34 லீக் ஆட்டம், அதில் முதலிடம் கிரீஸின் ஒலிம்பியாகோஸ். அவர்கள் அரையிறுதியில் மொனாக்கோவிடம் 78-68 என்று தோற்று, அத்தோடு கதை முடிந்தது. அக்டோபரில் ஆரம்பித்து ஏழு மாதம் உழைத்துச் சேர்த்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நாற்பது நிமிஷத்தில் போய்விட்டது. இறுதிப் போட்டியாவது மூன்று ஆட்டமோ ஐந்து ஆட்டமோ வைக்கக் கூடாதா? காசுதான் காரணமா, இல்லை வேறு ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய ஆட்டங்களில் எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னால் நல்லது.

பத்தொன்பது புள்ளி:

நீங்கள் ஒரு வருஷத்தைப் பார்த்துக் கடுப்பாகிறீர்கள், மொத்தமாகப் பார்த்தால் என்ன செய்வீர்களோ. எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதுகிற முறை 2016-17 சீசனில் வந்தது. அதிலிருந்து 2025 வரை லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரு அணி கூடக் கப் அடித்ததில்லை. 2017-இல் ரியல் மாட்ரிட், 2018-இல் சிஎஸ்கேஏ மாஸ்கோ, 2019-இல் ஃபெனர்பாச்சே, மூன்றுமே அரையிறுதியோடு சரி. 2020-இல் கொரோனா வந்து சீசனையே ரத்து செய்தார்கள், அப்போது முதலிடத்தில் இருந்தது துருக்கியின் அனடோலு எஃபெஸ், பாவம். 2021-இல் பார்சிலோனா இறுதியில் தோற்றது, மறு வருஷம் மறுபடி முதலிடம், இந்த முறை அரையிறுதியிலேயே ரியல் மாட்ரிட்டிடம் அடி. 2023-இல் ஒலிம்பியாகோஸ் இறுதியில் ஒரே ஒரு புள்ளியில் போனது, 2024-இல் முதலிடத்தில் இருந்த ரியலும் இறுதியில் தோற்றது. மாறாக 2022-இல் ஆறாம் இடத்தில் இருந்து வந்த எஃபெஸ் 58-57 என்று ரியலைத் தோற்கடித்துக் கப்போடு போனது. முதலிடம் பிடிப்பதே தோஷம் போல ஆகிவிட்டது.

தொடராக வைத்துப் பார்க்காமல் இல்லை. 2000-01 சீசனில் ஐரோப்பியக் கூடைப்பந்து இரண்டாக உடைந்து இரண்டு போட்டிகள் தனித்தனியாக நடந்தன. அதில் புதிதாக வந்த யூரோலீகில் இறுதி ஐந்து ஆட்டத் தொடர். இத்தாலியின் கிண்டர் போலோன்யா, ஸ்பெயினின் தாவ் செராமிகாவை 3-2 என்று வென்றது, பின்னால் என்பிஏவில் பெயர் வாங்கிய ஜினோபிலி அப்போது போலோன்யாவில்தான் இருந்தார். அடுத்த வருஷம் இரண்டு போட்டியும் ஒன்றானதும் ஃபைனல் ஃபோருக்கே திரும்பிவிட்டார்கள். அதுவும் நடந்தது போலோன்யாவிலேயே. சொந்த ஊரில், நடப்புச் சாம்பியனாக, இறுதி வரை வந்து கிரீஸின் பனாதினைகோஸிடம் 89-83 என்று தோற்றது கிண்டர். அதே ஊரில் தொடராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போலோன்யாக்காரர்கள் இன்னும் புலம்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காசு ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணம் காலண்டர். என்பிஏ அணிக்கு வேறு லீக் கிடையாது. இங்கே ரியல் மாட்ரிட் ஸ்பானிய லீகும் ஆட வேண்டும், ஃபெனர்பாச்சே துருக்கி லீகும் ஆட வேண்டும், ஃபைனல் ஃபோர் முடிந்து ஊருக்குப் போனால் அங்கே உள்ளூர் பிளேஆஃப் காத்திருக்கும். இதற்கு நடுவில் ஏழு ஆட்டத்தை எங்கே சொருகுவது?

தொடர்தான் வேண்டும் என்றால் காலிறுதி பாருங்கள், அது ஐந்து ஆட்டம். 2023-இல் ரியல் மாட்ரிட் சொந்த மண்ணில் முதல் இரண்டு ஆட்டத்தையும் செர்பிய அணியான பார்டிசானிடம் தோற்று, இரண்டாவதில் பெரிய கைகலப்பு வேறு நடந்து, அதற்கப்புறம் மூன்றையும் வரிசையாக ஜெயித்து வந்தது. அதுவரை அந்தக் காலிறுதியில் 0-2 நிலையிலிருந்து யாரும் மீண்டதே இல்லை.

பாலைவனப் பந்து:

அபுதாபி என்றதும் உள்ளே வந்துவிட்டேன், நான் இங்கேதான் வேலை செய்கிறேன். எதிஹாத் அரீனாவில் அரையிறுதி நாளன்று இருந்தேன். முன்பு இஸ்ரேலின் டெல் அவிவில் நடந்ததை விட்டுவிட்டால், ஐரோப்பாவுக்கு வெளியே ஃபைனல் ஃபோர் நடந்தது அதுதான் முதல் தடவை. பாலைவனத்தில் போய் வைக்கிறார்களே என்று ரசிகர்கள் திட்டினார்கள், அந்தத் திட்டில் நியாயம் இருக்கிறது. ஏதென்ஸிலிருந்து விமானம், விடுதி, டிக்கெட் என்று கணக்குப் போட்டால் சாதாரண ஆளுக்குக் கட்டுபடியாகாது. ஆனாலும் வந்திருந்தார்கள். பச்சைச் சட்டை பனாதினைகோஸ், சிவப்புச் சட்டை ஒலிம்பியாகோஸ், இரண்டும் ஒரே ஊர்ப் பக்கம், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். ரெண்டு பேருமே அன்றைக்குத் தோற்றார்கள். அப்புறம் அந்த ரெண்டு அணியையும் மூன்றாம் இடத்துக்கு மோதவிட்டார்களே, அதுதான் கொடுமை. தோற்ற துக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிட்டுப் பங்காளியோடு கபடி ஆடச் சொல்வது மாதிரி.

என்னோடு வந்த அறை நண்பருக்குக் கூடைப்பந்தில் ஒன்றும் தெரியாது, ஓசி டிக்கெட் என்பதால் வந்தார். ஃபெனர்பாச்சே, பனாதினைகோஸை 82-76 என்று முடித்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷம் மனுஷன் போனைத் தொடவே இல்லை. ஏழில் இது முதல் ஆட்டம், தோற்றால் பரவாயில்லை என்று இருந்திருந்தால் அப்படி உட்கார்ந்திருப்பாரா?

கோச் இல்லாத டீம்:

நான் காலேஜ் அளவில் ஆடியவன், அதனால் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். ஒரே ஆட்டம் என்பதை விட ஆட்டத்தின் நீளம் முக்கியம். என்பிஏ 48 நிமிஷம், ஆறு ஃபவுல் ஆனால் ஆள் வெளியே. இங்கே 40 நிமிஷம், ஐந்து ஃபவுல். முதல் குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதியில், ஒரு நட்சத்திரம் ரெண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் கோச்சுக்கு வயிற்றைக் கலக்கும், உட்கார வைத்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு. ரிங்கைத் தொட்ட பந்தை யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்கிற விதியும் இங்கே உண்டு, என்பிஏ பார்த்துப் பழகியவர்கள் அதைப் பார்த்ததும் கோல்டெண்டிங் (கூடையில் விழப்போகிற பந்தைத் தட்டும் தப்பு) என்று கத்துவார்கள்.

அப்புறம் ஃபைனல் ஃபோர் பொது மைதானம், யாருக்கும் சொந்த ஊர் இல்லை என்கிறார்களே, அது பாதி உண்மைதான். ஊரை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள், அந்த ஊர் அணி தகுதி பெற்றுவிட்டால் வீட்டு மைதானம்தான். 2007 ஏதென்ஸில் பனாதினைகோஸ், 2015 மாட்ரிடில் ரியல், 2017 இஸ்தான்புல்லில் ஃபெனர்பாச்சே, மூன்றும் சொந்த ஊரில் வாங்கிய கப். போலோன்யா கதையை மேலே ஒருவர் சொல்லிவிட்டார், சரி, அது விதிவிலக்கு. நான் கேள்வி கேட்டவர் பக்கம்தான். அரையிறுதியைத் தொடராக்கிவிட்டு இறுதியை மட்டும் ஒரே ஆட்டமாக வைக்கலாம்.

பத்தொன்பது புள்ளி:

அப்படி வைத்தால் வெள்ளிக்கிழமை தோற்ற கதைகள் எல்லாம் காணாமல் போய்விடும் நண்பரே, எனக்கு அது வேண்டாம்.

ஒற்றை ஆட்டத்தில் தோற்று மீண்ட கதைக்கு ஆட்டக்காரர் ஸ்லூகாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 கவுனாஸ் இறுதியில் ரியலின் செர்ஜியோ யுல் மூன்று விநாடி இருக்கும்போது ஒரு கூடை போட்டு 79-78 ஆக்குகிறார், அந்த ஆட்டம் முழுக்க அவர் போட்டது அந்த ஒரே கூடைதான். கடைசி வாய்ப்பு ஒலிம்பியாகோஸின் ஸ்லூகாஸ் கையில், விழவில்லை. அந்தக் கோடையிலேயே அவர் எதிரி முகாமான பனாதினைகோஸுக்குத் தாவினார். ஏதென்ஸில் இது சின்ன விஷயம் இல்லை. 2024 பெர்லினில் அதே ரியல் மாட்ரிட், முதல் குவார்ட்டரிலேயே 36 புள்ளி போட்டுவிட்டார்கள். முடிவு? பனாதினைகோஸ் 95-80, இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஸ்லூகாஸ். இன்னொருவர் யசிகேவிசியஸ், ஆட்டக்காரராக நான்கு கப் வாங்கியவர், கோச்சாக 2021 இறுதியில் பார்சிலோனாவோடு தோற்று, நீங்கள் பார்த்த அபுதாபி ஆட்டத்தில் ஃபெனர்பாச்சேவோடு தான் கோச்சாகக் கப் வாங்கினார்.

எதிலிருந்து பார்ப்பது என்று கேட்டீர்களே, 2012 இஸ்தான்புல் இறுதி. ஒலிம்பியாகோஸ், சிஎஸ்கேஏ. மூன்றாம் குவார்ட்டரிலிருந்து பாருங்கள், ஸ்கோரை முன்னாலேயே தேடாதீர்கள். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

விடிகாலை அலாரம்:

பார்த்துவிட்டேன். சிஎஸ்கேஏ 53-34 என்று முன்னால் இருந்தபோது உங்கள் பெயர் புரிந்துவிட்டது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. பத்து விநாடிக்கும் குறைவு, சிஎஸ்கேஏ 61-60 முன்னிலை, அவர்களின் சிஷ்காவுஸ்கஸ் ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டார். ஒலிம்பியாகோஸின் ஸ்பனூலிஸ் ஓடி உள்ளே போய் மூன்று பேரை இழுத்துக்கொண்டு பிரின்டெஸிஸிடம் கொடுக்க, அவர் ஒற்றைக் கையால் தூக்கிப் போட்டதில் மீதி 0.7 விநாடி, 62-61. சிஷ்காவுஸ்கஸுக்கு அதுதான் கடைசி சீசன் என்று அப்புறம் படித்தேன்.

என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை, அந்த மனுஷனுக்கு இன்னொரு ஆட்டம் கொடுத்திருக்கலாம். 1992-இல் பார்டிசான் கப் அடித்த இறுதி ஆட்டத்தின் முழு வீடியோ யாரிடமாவது இருந்தால் லிங்க் போடுங்கள்.