பூசை நேரத்தில் வேப்பமரத்தடியில் நிற்கும் பெடியளை உள்ளே கூட்டுவது எப்படி?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் சமூகத்தில்) இளையோர் மன்றத்தைப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லவே வெட்கம். போன கூட்டத்துக்கு வந்தது நாலு பேர், அதில் ஒருவர் என் தங்கச்சி.

உறுதிப்பூசுதல் என்ற அருட்சாதனம் பெறும் வரைக்கும் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள். அப்புறம் ஓ.எல்., ஏ.எல். என்று ஞாயிறு காலையிலும் ரியூசன். பரீட்சை முடிந்தால் சிலர் கொழும்புக்கு, சிலர் கட்டாருக்கு. எங்கள் கீபோர்ட் வாசித்த தம்பியும் போய்விட்டான். கீபோர்ட் துணி மூடியபடி பீடத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஊரில் நிற்பவர்கள் பிரசங்கம் தொடங்கியதும் வெளியே வேப்பமரத்தடியில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி போன் நோண்டுகிறார்கள்.

விசுவாசம் இல்லை என்று நான் நம்பமாட்டேன். ஆகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்கு இதே பெடியள்தான் நடந்து போகிறார்கள். தவக்காலத்தில் இயேசுவின் திருப்பாடுகளின் காட்சியை நாடகமாகப் போட்டால் மேடை கட்ட விடியவிடிய நிற்பார்கள். வேலை கொடுத்தால் வருகிறார்கள், புத்தி சொன்னால் ஓடுகிறார்கள். 2018இல் வத்திக்கானில் இளையோரைப் பற்றியே ஆயர் மாமன்றம் (உலக ஆயர்களின் கூட்டம்) கூடியது. எங்கள் பங்குச் சபையில் முப்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆட்கள் சொல்லுங்கோ: ரியூசன் நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? சபையில் இளையவர்களுக்கு இடம் கேட்டால் பெரியவர்கள் விட்டார்களா? கரப்பந்துப் போட்டி வைத்துப் பார்த்தாயிற்று, கோப்பையோடு போய்விட்டார்கள்.