டேப்பட் கிளியரன்ஸ்: ‘விடுசந்து’ என்று வழங்கலாமா?

அன்புடையீர், வணக்கம்.

பழைய அம்பாசடர் காரின் எஞ்சினுக்கான பராமரிப்புக் குறிப்புகளில் வரும் ‘வால்வு கிளியரன்ஸ்’, அதாவது வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே விடும் சிறு இடம் (பட்டறைப் பேச்சில் ‘டேப்பட் கிளியரன்ஸ்’), என்பதற்கு ‘வால்வு இடைவெளி’, ‘ஓரதர்த் தளர்வு’ (ஓரதர் என்பது வால்வு) என்னும் இரண்டு சொற்கள் இக்கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தளர்வு என்றால் தேய்ந்தோ கழன்றோ தானாக வந்த குறை என்றுதான் படிப்பவர் நினைப்பார். இதுவோ வேண்டுமென்றே அளந்து வைப்பது. இடைவெளி தவறில்லை, ஆனால் ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே உள்ளதும் இடைவெளிதான், இரு தூண்களுக்கு நடுவே உள்ளதும் இடைவெளிதான்.

எஞ்சின் சூடேறும்போது வால்வின் தண்டு நீள்கிறது. நீள்வதற்கு இடம் விடாமல், வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ராக்கர் ஆர்மை ஒட்டவைத்துவிட்டால், மூடியிருக்கவேண்டிய நேரத்திலும் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது. புகைப்போக்கி வால்வுக்கு இது இன்னும் ஆபத்தானது. அது தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதால், அமராத வால்வு விளிம்பிலிருந்து கருகத் தொடங்கும். அதிகமாக இடம் விட்டாலோ டக் டக் என்ற ஓசை கேட்கும், வால்வு திறக்கும் உயரமும் குறையும். ஆகவே கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி என்னும் அளவு இது. சொல்லில் அந்த ‘வைத்தல்’ தெரியவேண்டும்.

வேலூரிலிருந்து காட்பாடி போகும் வழியில் உள்ள பட்டறை ஒன்றில், வேலை பழகும் பையனிடம் மூத்த மெக்கானிக் “கொஞ்சம் சந்து உட்டு வை நைனா, டைட்டா வச்சா வால்வு எரிஞ்சிடும்” என்று சொல்லக் கேட்டேன். கதவுச் சந்தில் விரல் நசுங்கியது என்று நாம் எல்லோரும் சொல்லும் அதே சந்துதான். மழைக்காலத்தில் மரம் ஊதும் என்று தச்சர் நிலைக்கும் கதவுக்கும் நடுவே விடுவதும் இதே நோக்கத்தில்தான். எனவே ‘விடுசந்து’ என்று முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது, ‘விடுச்சந்து’ என்று எழுதிவிடவேண்டாம். சந்து என்றால் தெரு என்று பொருள்கொள்வார்களே என்று கேட்கலாம். எஞ்சினைத் திறந்து வைத்திருப்பவர் அப்படிப் பொருள்கொள்ளமாட்டார்.

முன்னொட்டாக ‘டேப்பட்’ வரலாமா என்பது அடுத்த கேள்வி. அம்பாசடர் 1950-களின் இறுதியில் வந்தபோது அதில் இருந்தது, சிலிண்டருக்குப் பக்கத்தில் வால்வுகள் நிற்கும் பக்கவாட்டு வால்வு எஞ்சின். அவ்வகையில், கேம் தள்ள மேலெழும் சிறு உறுப்பான டேப்பட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலேயே சந்து இருக்கும். பின்னர் வந்த 1,489 சிசி எஞ்சினில் வால்வுகள் மேலே சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறிவிட்டன. டேப்பட் கீழேயே இருக்க, நாம் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துத் திருகுவது ராக்கர் ஆர்மில்தான். ஆனாலும் பட்டறைகளில் ‘டேப்பட் அட்ஜஸ்ட்’ என்ற பேச்சே நிலைத்துவிட்டது. பேச்சில் அது இருக்கட்டும். எழுத்தில் ‘வால்வு விடுசந்து’ என்பதே இரண்டு அமைப்புக்கும் பொருந்தும். ஓரதர் நல்ல சொல்தான், ஆனால் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ உள்ள மெக்கானிக்கின் கையில் இக்குறிப்பு சேரவேண்டுமென்றால் வால்வு என்றே எழுதலாம்.

குறிப்பேடுகள் சந்தை எந்த நிலையில் அளப்பது என்றும் சொல்லும். ‘குளிர் நிலை’ என்று எழுதினால் வேலூர்ச் சித்திரை வெயிலில் யாரும் சிரிப்பார்கள். வண்டி ஆறட்டும் என்றுதானே சொல்கிறோம். ஆகவே ‘ஆறிய விடுசந்து’, ‘சூட்டு விடுசந்து’.

இச்சந்தை அளக்க நுழைக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜுக்குச் ‘சந்துத்தகடு’ போதும். இதற்கு, எட்டு வால்வுள்ள இந்த எஞ்சினை வைத்து ஒரு பயன்பாட்டு எடுத்துக்காட்டும் எழுதிப் பார்த்தேன்: “எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதல் வால்வின் விடுசந்தை வைக்கவும், ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவது, இரு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9. 0.38 மில்லிமீட்டர் சந்துத்தகடு இலேசாக உரசிக்கொண்டு நுழையவேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பின் மறுபடி அளக்கவும்.” படிக்கத் தடை தெரியவில்லை.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. ராக்கரின் முனை தேய்ந்து குழிவிழுந்திருந்தால் தகடு குழிக்குள் இறங்காமல் அதன் மேலாகப் பாலம் போல நின்றுவிடும். தகடு காட்டும் அளவைவிட உண்மைச் சந்து பெரிதாக இருக்கும். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல ‘தகட்டளவு’, ‘மெய்ச்சந்து’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இரண்டாவது சொல் எனக்கே நிறைவாக இல்லை. மேலானது தோன்றினால் எழுதுங்கள்.