ஈடிஎஸ்-இல பொஸ்பரஸ் காட்டினால் ஒருக்கா நிண்டு பாருங்கோ

கொழும்பில எங்கட ஆய்வுகூடத்துக்குப் புல்மோட்டை மணல் வந்திருந்தது. இல்மனைற், ரூற்றைல், சிர்க்கோன் (சேர்க்கோனியம் சிலிக்கேற்று), கொஞ்சம் மொனசைற் (லந்தனம், சீரியம் எல்லாம் சேர்ந்த பொஸ்பேற்று) எண்டு எல்லாம் கலந்த கறுப்பு மணல். பிசினில இறுக்கி, மினுக்கி, காபன் பூசி இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குள்ள வைச்சம். பின்சிதறல் படத்தில (மணியில பட்டுத் திரும்பி வாற இலத்திரனால எடுக்கிறது) பாரமான மூலகம் உள்ள மணி வெளிச்சமாத் தெரியும், குவாட்ஸ் கறுத்துக் கிடக்கும்.

பளிச்செண்ட ஒரு மணியில இலத்திரன் கற்றையை வைச்சவுடன, ஈடிஎஸ் (மணியில இருந்து வாற எக்ஸ் கதிரின்ர சக்தியை அளந்து மூலகத்தைச் சொல்லுற கருவி) மென்பொருள் பொஸ்பரஸ், சிலிக்கன், ஒட்சிசன் எண்டு பெயர் போட்டிட்டுது. பக்கத்தில நிண்ட மாணவி "அக்கா, மொனசைற்!" எண்டு துள்ளினா. எனக்கு மனம் ஒப்பேல்லை. மொனசைற் எண்டால் லந்தனமும் சீரியமும் 4.6க்கும் 4.9 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்கும் இடையில எழும்பி நிக்கோணும். அந்த இடம் தட்டையாக் கிடந்தது. சிலிக்கனுக்கு அங்க என்ன வேலை?

ஒவ்வொரு மூலகத்துக்கும் கே, எல், எம் எண்டு தனக்கெண்ட எக்ஸ் கதிர் உச்சிகள் இருக்கு. பொஸ்பரஸின்ர கே உச்சி 2.01 கிலோ இலத்திரன்வோல்ற். சேர்க்கோனியத்தின்ர எல் உச்சி 2.04. ஈடிஎஸ் உணரியின்ர பிரிதிறனுக்கு ரெண்டும் ஒரே மேடுதான். கற்றைக்கு நாங்கள் பாவிச்சது 15 கிலோவோல்ற். சேர்க்கோனியத்தின்ர கே உச்சியை எழுப்ப 18க்கு மேல வேணும். 25க்கு ஏத்தினம். 15.7இல சின்னனா, ஆனால் தெளிவா ஒண்டு எழும்பிச்சுது. சிர்க்கோன்தான்! மொனசைற்றில தோரியம் இருக்கிறதால, இது அப்பிடியே அறிக்கையில போயிருந்தால் அந்த மணலையே கதிர்த்தொழிற்பாடு கூடினதெண்டு நினைச்சிருப்பினம். அதுதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன்.

*

அக்கா, உங்கட குறிப்பை வாசிச்சிட்டு வேற ஆய்வுகூடத்தில இருந்து எழுதுறன். நீங்கள் காபன் பூசினது நல்ல காரியம். எங்களுக்கு வெளியில இருந்து சோதிக்கிற மாதிரித்துண்டு ஒண்டு தங்கம் பூசியே வந்தது. படம் அந்தமாதிரி, விளிம்பெல்லாம் கூராத் தெரிஞ்சுது. ஆனால் தங்கத்தின்ர எம் உச்சி 2.12. நீங்கள் சொன்ன அதே இடத்தில வந்து குந்திக்கொண்டுது. பொஸ்பரஸ் இருக்கோ இல்லையோ எண்டு சொல்லவே ஏலாமல் போச்சு. திரும்ப மினுக்கிக் காபன் பூசித்தான் பார்த்தம். இப்ப மாதிரித்துண்டை வாங்கேக்கையே கேக்கிறன்: படம் மட்டும் காணுமோ, மூலகமும் வேணுமோ?

அலைநீளம் பிரிக்கிற டபிள்யூடிஎஸ் கிடைச்சால் இந்தக் கரைச்சல் பெரும்பாலும் இல்லை. பளிங்கால எக்ஸ் கதிரைப் பிரிக்கிறதால ஈடிஎஸ்-ஐ விடப் பத்து மடங்குக்கு மேல கூராப் பார்க்கலாம். பாரிசில காஸ்தேங் எண்ட பௌதிகவியலாளர் 1951இல தன்ர ஆய்வேட்டில விவரிச்ச கருவியே அந்த வழியிலதான் அளந்தது. நேரம்தான் கூட எடுக்கும். ஆரும் மொனசைற்றில தோரியத்தை அதால அளந்திருந்தால், என்ன நியமம் (அளவு தெரிஞ்ச ஒப்பீட்டுப் பொருள்) பாவிச்சனீங்கள் எண்டு எழுதுங்கோ.