வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தவர்கள்: நீலகிரிக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

குந்தா மருமகள்

பிசியோ வந்து போகிற கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு தீப்பெட்டிதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாமிக்கு வலப்பக்கம் வாதம். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம், முப்பது வருடம் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து பறித்த கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதம் ஊட்டுவது, தலை வாருவது, சேலை சுற்றிவிடுவது எல்லாம் நான்தான். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்கா சொல்லித்தான் பிசியோ பெண் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது, "பாட்டி, இன்னைக்கு எனக்கு நீங்கதான் டீ போட்டுத் தரணும்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

விறகடுப்பு. மாமி தீப்பெட்டியை அந்த வராத கைக்குள் திணித்து, கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டு, இடக்கையால் உரசினார். உடைந்தது. இன்னொன்று, அதுவும். மழைக்காலத்துத் தீப்பெட்டி, எங்களுக்கே நாலு குச்சி ஆகும். ஆறாவது குச்சி உடைந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, பிடுங்கிப் பற்ற வைத்துவிட்டேன்.

மாமி திட்டவில்லை. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி, இதையும் நீயே செஞ்சிடு" என்றார். அவ்வளவுதான்.

நாலு மாதம் ஆகிறது. இப்போது நான் கொழுந்துக்குப் போன பிறகு அவரே அடுப்பு பற்ற வைக்கிறார். சாயங்காலம் வந்தால் அடுப்படியில் உடைந்த குச்சிகள் கிடக்கும். நான் வீட்டில் இருந்தால் மட்டும் பெட்டியைத் தொடுவதே இல்லை.

குன்னூர் படிக்கட்டு

தங்கச்சி, நீங்கள் பிடுங்கியது தப்பே இல்லை. ஒரு கை, சேலை, விறகடுப்பு. தீப்பிடித்திருந்தால் அந்தப் பிசியோவா வந்து பதில் சொல்வார்?

என் கதை. அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், சமதரையில் வாக்கரை வைத்துப் பத்தடி நடக்க விட்டு, "நல்லா நடக்கறார்" என்று அனுப்பிவிட்டார்கள். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 43 படி, பாதிப் படியில் பாசி. வீட்டுக்குப் படி உண்டா, கக்கூஸ் எந்த மாதிரி என்று ஒருத்தர் கேட்கவில்லை. வாக்கர் அன்றைக்குப் பரணில் ஏறியதுதான்.

அப்புறம் ஒரு பையன் வந்து கைத்தடியில் பழக்கினான், நாளுக்கு ஐந்து படி. இருபதாவது படிக்கு வந்த அன்று, மேலே பார்த்தால் காட்டெருமை. வழியை அடைத்துக்கொண்டு எங்கள் டாலியாவைத் தின்றுகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று, "அப்பாவப் பிடிடா, தூக்குடா" என்று கத்துகிறேன். அவன் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, "கம்பியைப் பிடிச்சுக்குங்கய்யா, அது போகட்டும், நமக்கு என்ன அவசரம்" என்கிறான். பத்து நிமிஷம். அப்பாவின் முழங்கால் நடுங்குவது வேட்டியில் தெரிந்தது. காட்டெருமை ஒரு பெருமூச்சு விட்டுச் சரிவில் இறங்கியது. பையன் வாயைத் திறப்பதற்குள் அப்பா தடியை அடுத்த படியில் ஊன்றிவிட்டார்.

நான் அவனைச் சும்மா விடவில்லை, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அடுத்த வாரம் வேறு ஆள் வந்தார். அப்பா இன்றைக்கும் மாதம் ஒரு தடவையாவது, "அந்தத் தம்பி ஏன் வர்றதில்ல?" என்கிறார். நான் என்ன சொல்ல?

ஓய்வு பெற்ற சிஸ்டர், கோத்தகிரி

குன்னூர் சார், அந்தப் பையன் நின்ற இடம் சரி. ஏறினாலும் இறங்கினாலும் துணைக்கு வருகிறவர் கீழ்ப்படியில்தான் நிற்க வேண்டும். என் அம்மாவை நான் மேலிருந்து கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன், தோள் இறங்கிவிட்டது. நர்ஸாக இருந்துகொண்டு செய்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

ஆனால் சிலது சொல்லிவிடுகிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலமில்லாத காலும் முதலில். தடி நல்ல பக்கத்துக் கையில். அடிக்கடி பலமில்லாத பக்கத்தில் பிடித்திருப்பதைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. தடியின் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது வழுக்கும். வாதம் வந்தவர்களுக்குச் சட்டை போடும்போது வராத கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டரை மூட்டை கட்டிவிட்டு, முன்னால் திறக்கிற மாதிரி வாங்குங்கள். குளிரில் கை இன்னும் இறுகும், பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வையுங்கள். நாற்காலி தாழ்வாக இருந்தால் எழ முடியாது. இடுப்பு ஆபரேஷன் என்றால் குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ் ஆகவே ஆகாது, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியாவது வேண்டும். தரையில் விரிப்பு, சாக்கு எதுவும் போடாதீர்கள்.

என் அண்ணன் மகன் இங்கிலாந்தில் இதே வேலைதான் பார்க்கிறான். ரீஏபிள்மென்ட் என்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் வீட்டுக்கு ஆறு வாரம் வரை காசு வாங்காமல் ஆள் போகும். குளிக்க வைக்க இல்லை, தானே குளிக்கப் பழக்க. "கையைக் கட்டிக்கிட்டு நிக்கத்தான் அத்தை எனக்குச் சம்பளம்" என்பான். இங்கே 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிசியோவாவது வாசலுக்கு வருகிறார். மீதி நேரமெல்லாம் மருமகள்தான்.

குந்தா தங்கச்சி, ஒரு சின்னப் பலகையில் தீப்பெட்டியை ஒட்டி அடுப்புப் பக்கத்தில் ஆணி அடித்துவிடுங்கள். ஒரு கை போதும்.

ஊட்டி ஆசாரி

சிஸ்டர், யாரும் கேட்கவே இல்லையே! கோபிக்காதீர்கள், ரப்பர் விஷயம் எனக்கு உதவும்.

எல்லோரும் பார்த்துக்கொண்டவர்கள் எழுதுகிறீர்கள். நான் படுத்துக் கிடந்தவன். இடப்பக்கம் வாதம். உளி பிடிக்கிற கை தப்பியது, பலகையை அமுக்குகிற கை போனது. எனக்கு வந்த பிசியோ என்னிடம் அதிகம் பேசவில்லை, என் மனைவியைக் கூப்பிட்டு, "அவர் ஸ்வெட்டர் போடும்போது நீங்க வெளிய போயிடுங்கம்மா" என்றார். ஜனவரி, வெளியே புல்லெல்லாம் உறைபனி. அவள் வாசலில் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஜன்னலில் அவள் தலைமுக்காடு தெரிகிறது. எனக்கு ஒரு கை உள்ளே, தலை பாதியில் மாட்டிக்கொண்டது, கம்பளிக்குள் இருட்டு. கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே வந்து பார்த்தால் அவளுக்கு உதடு நீலம். "போட்டாச்சா" என்றாள். முன்பின் மாற்றிப் போட்டிருந்தேன், அதைச் சொல்லவே இல்லை. அப்படியே மார்க்கெட் வரைக்கும் போய் வந்தேன்.

அன்றைக்கு அவளும் சால்வை எடுக்காமல் போனாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

குந்தா தங்கச்சி, அந்தப் பலகையை நான் செய்து தருகிறேன். உங்கள் பக்கம் வருகிற எமரால்டு பஸ்ஸில் கொடுத்துவிடலாம்.

குன்னூர் படிக்கட்டு

ஆசாரி அண்ணா, அப்பா தடிக்கும் ரப்பர் மாற்ற வேண்டும். ஊட்டியில் கிடைக்குமா? அந்தத் தம்பி இப்போது எந்தப் பக்கம் போகிறார் என்று நாளைக்கு விசாரிக்கிறேன்.

குந்தா மருமகள்

பலகை வேண்டாம் அண்ணா. அதை மாட்டினால் நான் பார்த்துவிட்டேன் என்று மாமிக்குத் தெரிந்துபோகும். குச்சிகளைக்கூட நான் பெருக்குவதில்லை. காலையில் கிளம்பும்போது பெட்டி நமத்திருந்தால் மட்டும் புதுசு மாற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.