மைல்டு சுருட்டு பாதிக்கு மேல் கசக்கிறது, அணைந்து அணைந்து போகிறது. தப்பு சுருட்டிலா, என்னிலா?

குளச்சல்காரன்:

மஸ்கட்டில் இருக்கும் அத்தான் லீவுக்கு வந்தபோது ஒரு சின்னப் பெட்டி சுருட்டு கொண்டுவந்து தந்தார். ஐந்து இஞ்ச் நீளம், 50 ரிங் தடிமன், இந்த அளவை ரொபஸ்டோ என்கிறார்கள். மேல் இலை வெளிர் பொன்னிறம், கனெக்டிகட் ஷேட் இலையாம். "இது மைல்டு மாப்ள, பாலாடையும் முந்திரிப்பருப்பும் வாயில நிக்கும்" என்று ஆசை காட்டிவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார்.

எனக்கு நடப்பது வேறு. முதலில் கொஞ்சம் காய்ந்த வைக்கோல் மணம், அவ்வளவுதான். பாதி தாண்டுவதற்குள் கசப்பு ஏறி நாக்கைக் குத்துகிறது. நடுவில் ரெண்டு மூணு தடவை அணைந்துவிடும். ஒரு பக்கம் வேகமாக எரிந்து இறங்கும், மறுபக்கம் கருகாமல் அப்படியே நிற்கும். தலைப்பக்கத்தை வெட்டும்போது மேல் இலை பிரிந்துகொண்டு வருகிறது, உதட்டில் ஒட்டுகிறது.

விவரமும் சொல்லிவிடுகிறேன். வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். பெட்டி பீரோவில் துணிகளுக்கு மேலே இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பிடிப்பேன். காற்றில் தீக்குச்சி நிற்காது, அதனால் மெழுகுவர்த்தியை மறைவாக வைத்துப் பற்றவைக்கிறேன். வெட்டுவது ஷேவிங் பிளேடால். இதற்கு முன் எப்போதாவது சிகரெட், கல்லூரியில் பீடி. அத்தானிடம் போனில் கேட்டால் "சரக்கு நல்ல சரக்குதான், உனக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்கிறார். பெட்டியில் இன்னும் மிச்சம் இருக்கிறது, வீணாக்க மனசில்லை.

ஆரல்வாய்மொழி:

காற்றைப் பற்றி எங்க ஊர்க்காரன் சொன்னால் நம்பலாம் மக்கா. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நட்டு வைக்கவில்லை. முதலில் மொட்டை மாடியை விடு. காற்று படுகிற பக்கம் நெருப்பு ஊதப்பட்டு வேகமாக இறங்கும், மறுபக்கம் பின்தங்கும். நீ இழுக்காத நேரத்திலும் காற்று உனக்காக இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் சூடு ஏறிக் கசக்கும். கடலுக்கு முதுகு காட்டி, சுவர் மறைவில் உட்கார். பின்தங்கின பக்கத்துக்கு மட்டும் லேசாகத் தீயைக் காட்டினால் சமமாகிவிடும்.

மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், மெழுகு வாடை இலையில் ஏறும். பெட்ரோல் லைட்டரும் அப்படித்தான். பியூட்டேன் கேஸ் லைட்டர் வாங்கு. தீக்குச்சிதான் என்றால் நீளக் குச்சியாகப் பார், நுனி மருந்து எரிந்து முடிந்த பிறகு காட்டு. வாயில் வைத்து இழுத்துக்கொண்டே பற்றவைக்காதே. கையில் பிடித்து, தீயின் நுனி இலையைத் தொடாமல், சுற்றிச் சுற்றி ஓரமெல்லாம் சிவக்கிற வரை காட்டு. அப்புறம்தான் முதல் இழுப்பு.

குலசேகரம் தோட்டக்காரன்:

காற்று பாதிக் காரணம்தான். மீதி பீரோவில் இருக்கிறது.

ஒரு சுருட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். சரியான ஈரத்தில் இருந்தால் லேசாக அமுங்கித் திரும்ப எழும்பும். அமுங்கினது அப்படியே நின்று தொளதொளவென்று இருந்தால் ஈரம் அதிகம். நொறுங்குகிற சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், குளச்சலில் அதற்கு வாய்ப்பே இல்லை.

சுருட்டு வைக்கிற இடத்தில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்கவேண்டும் என்பது பொது வழக்கு. நம்ம கடலோரத்தில் ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ரப்பர் ஷீட் காயப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற எங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். புகையிலை சும்மா இருக்காது, அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். உள் இலை உப்பும், இழுப்பு இறுகும், நீங்கள் பலமாக இழுப்பீர்கள், நெருப்பு நுனி கொதிக்கும். இழுக்காத நேரத்தில் சூடெல்லாம் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகி அணையும். திரும்பப் பற்றவைத்தால் ஏற்கெனவே படிந்த தாரும் சேர்ந்து எரிந்து கசக்கும். மேல் இலை பிரிவதற்கும் இதுதான் காரணம்: உள்ளே உப்பினது வெளியே தள்ளுகிறது, மேலே இருப்பதோ மெல்லிசு.

இந்த கனெக்டிகட் ஷேட் இலையைத் துணிப் பந்தலுக்குக் கீழே, வெயிலை வடிகட்டி வளர்க்கிறார்கள். அதனால்தான் அந்த வெளிர் நிறமும் சன்னமான நரம்பும். அதே ரகத்தை எக்வடோரில் மேகமூட்டத்தின் நிழலிலேயே வளர்க்கிறார்கள், பந்தல் செலவு மிச்சம். பெயர் அமெரிக்கப் பெயர் என்றாலும் உள்ளே இருக்கிற இலை பெரும்பாலும் டொமினிகன் குடியரசு, நிகரகுவா போன்ற இடங்களில் விளைந்ததாக இருக்கும். கறுத்த, தடித்த மேல் இலையுள்ள சுருட்டில் கொஞ்சம் கோளாறு இருந்தாலும் காரத்தில் மறைந்து போகும். மைல்டில் ஒளிய இடம் கிடையாது. புதிதாகப் பிடிக்கிறவனுக்கு மைல்டு சுலபம் என்று சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். காற்றுப் புகாத டப்பா ஒன்று, 65 சதவீதம் என்று அச்சிட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, ஈரப்பதம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று. பொட்டலம் இரண்டு பக்கமும் வேலை செய்யும், அதிகமானால் உறிஞ்சும், குறைந்தால் விடும். மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டுக் குழைவாகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் ஒருநாள் மூடி வையுங்கள். 75 காட்டவேண்டும். 78 காட்டினால் உங்கள் மீட்டர் மூன்று கூடச் சொல்கிறது என்று கணக்கு. கல் உப்பு வேண்டாம், அதில் வேறு உப்புகளும் கலந்திருக்கும், அளவு தப்பும். புத்தளம் உப்பளத்துக்காரர்கள் மன்னிக்கணும்.

மார்த்தாண்டம் பையன்:

எதுக்கு இவ்வளவு செலவு? அரிசிப் பானைக்குள் புதைச்சு வைங்க, ஈரத்தை இழுத்துடும். நனைஞ்ச போனையே காப்பாத்தும்னு சொல்றாங்களே.

குலசேகரம் தோட்டக்காரன்:

தம்பி, அரிசிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நம்ம பானை அரிசியே ஈரமாக இருந்தால் ஒன்றும் இழுக்காது, நன்றாகக் காய்ந்த அரிசி என்றால் மேல் இலை வெடிக்கிற அளவு இழுக்கும். அதோடு சுருட்டில் அரிசி வாடையும், சோற்றில் சுருட்டு வாடையும் வரும், வீட்டில் பதில் சொல்லவேண்டியது நீதான். சிலிக்கா ஜெல்லும் இதே கதைதான். ஃபிரிட்ஜும் வேண்டாம், மீன் வாடை ஏறும்.

வடசேரி அண்ணாச்சி:

தம்பி, நீ பீடி பிடிச்ச கை. அதுதான் கோளாறு. பீடியை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் அணையும். சிகரெட் தானாகவே எரியும். சுருட்டு ரெண்டுமில்லை. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அதுவும் மெதுவாக, அதற்கு மேல் இழுத்தால் உள்ளே அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள். புகையை நெஞ்சுக்குள் இறக்கவே கூடாது, வாயோடு சரி.

திருவிதாங்கூர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலில் வந்து இங்கே பெரிய வியாபாரம் நடந்தது. திருச்சி சுருட்டு வெள்ளைக்காரன் வரைக்கும் பேர் போனது, அதற்கு இலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனது. அந்தச் சுருட்டுக்கு ரெண்டு பக்கமும் திறந்திருக்கும், கத்தி வேண்டாம், அப்படியே பற்றவைக்கலாம். நீ வைத்திருக்கிறதுக்குத் தலையில் ஒரு சின்ன இலைத்துண்டை மூடியாக ஒட்டியிருப்பார்கள். அந்த மூடிதான் மேல் இலையைப் பிடித்து நிறுத்துகிறது. நீ பிளேடால் மூடியை மொத்தமாகச் சீவினால் பிரியாமல் என்ன செய்யும்? தலை வளைந்து நேராகிற இடத்துக்கு மேலே, ரெண்டு மில்லிமீட்டர் போதும். வெட்டும்போது யோசிக்காதே, சட்டென்று ஒரே வெட்டு. கட்டர் ஒன்று வாங்கிக்கொள்.

நர்ஸ் அக்கா:

யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மைல்டு என்பது ருசிக்குச் சொல்வது, உடம்புக்கு இல்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குக்கூடப் புகையிலை இருக்கும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நெஞ்சுக்குள் இறக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் 'உள்ளே இழுக்கலியே' என்று பார்த்து விட்டுவைக்காது. வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும், வேர்க்கும், ஓங்கரிக்கும். அப்படி வந்தால் உடனே நிறுத்திவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடி, ஒரு துண்டு கருப்பட்டி வாயில் போடு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் பக்கத்தில் வேண்டாம்.

குளச்சல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அமுக்கிப் பார்த்தேன், அமுங்கினது எழும்பவே இல்லை. டப்பா, பொட்டலம், மீட்டர் வாங்கிச் சில வாரம் மூடி வைத்தேன். கேஸ் லைட்டரும் கட்டரும் வந்தாச்சு. நேற்று பின்வாசல் படியில், காற்றுப் படாத பக்கம் உட்கார்ந்தேன். மேல் இலை பிரியவில்லை. ஒரே ஒரு முறை அணைந்தது, அதுவும் போன் பேசிக்கொண்டிருந்ததால். சாம்பல் வெள்ளையாக, விரல்கணு அளவு உதிராமல் நின்றது, பார்க்கவே ஆசையாக இருந்தது. கசப்பு கடைசியில்தான் எட்டிப்பார்த்தது.

ஆனால் அந்தப் பாலாடை, பருப்பு எதுவும் இன்னும் வரவில்லை. வைக்கோல்தான். நக்கலடிக்காதீர்கள், நிஜமாகவே மற்றவர்களுக்குத் தெரிகிறதா?

தக்கலை காப்பிக்கடை:

முதலில் ஒரு கேள்வி. நேற்று ராத்திரி என்ன சாப்பாடு?

குளச்சல்காரன்:

மரச்சீனியும் நெய்மீன் கறியும். காந்தாரி மிளகும் உண்டு. ஏன்?

தக்கலை காப்பிக்கடை:

அப்புறம் பாலாடை எங்கேயிருந்து வரும்! காந்தாரி எரித்த நாக்கில், புளியும் மல்லியும் நிற்கிற வாயில் மைல்டு சுருட்டு ஒன்றும் பேசாது. அதை மாலை நாலரை ஐந்து மணிக்கு மாற்று. மத்தியானச் சாப்பாடு இறங்கியிருக்கும், வயிறு காலியாகவும் இருக்காது. வாயைக் கொப்பளித்துவிட்டு வெறும் தண்ணீர் பக்கத்தில் வை. பால் காப்பி நன்றாகப் பொருந்தும், சர்க்கரை குறைவாக. பாலில்லாத கட்டன் சாயா கடுப்பமாகப் போட்டால் சுருட்டை அமுக்கிவிடும்.

பற்றவைப்பதற்கு முன்னாலேயே ருசி ஆரம்பிக்கிறது. பற்றவைக்கப்போகிற நுனியை மோந்து பார். வெட்டின பிறகு தீ இல்லாமலே ஒரு தடவை இழுத்துப் பார், நாக்கின் ஓரத்தில் ஒரு இனிப்பு தட்டும். பற்றவைத்தபின் புகையை வாயில் ரெண்டு மூன்று விநாடி நிறுத்தி, மெதுவாக விடு. பாதி விட்டதும் வாயை மூடி, மிச்சத்தில் துளியூண்டு மட்டும் மூக்கு வழியாக வெளியே தள்ளு. உள்ளே இழுக்காதே, வாயில் இருப்பதைத்தான் மூக்குக்குத் தள்ளுகிறோம். முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். அதற்கப்புறம்தான் தெரியும், நாக்குக்கு எட்டாதது பாதி மூக்கில் இருக்கிறது என்று. ஒவ்வொரு இழுப்புக்கும் இதைச் செய்ய வேண்டாம், எப்போதாவது ஒன்று.

முதல் மூன்றில் ஒரு பங்கு வைக்கோல்தான், அது குறையில்லை, இந்த இலையின் குணமே அது. அத்தான் சொன்ன பாலாடை என்பது ருசியைவிட வாயில் புகை வழவழவென்று படிகிற விதம், பாலைத் தேடினால் கிடைக்காது. நடுவில் முந்திரி வரும். நெய்யில் வறுத்தது இல்லை, வெறும் சட்டியில் சூடு காட்டினது. கூடவே புதுப் பென்சில் சீவின மணம். எனக்குக் கடைசியில் கிராம்பு தட்டும், மாறாமலைக் கிராம்பை நசுக்கினால் வருகிற மணம். உனக்கு அது மிளகாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஒரே சுருட்டில் பத்து ருசி அடுக்குகிறவர்களை நான் பெரிதாக நம்புவதில்லை.

இரணியல்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் சுருட்டில் குண்டூசி குத்தினதுபோல் ஒரு துளை. அடியில் பழுப்புத் தூள். பூஞ்சையா?

குலசேகரம் தோட்டக்காரன்:

பூஞ்சை என்றால் பஞ்சாக மேலே படரும். உங்களுடையது புகையிலை வண்டு. மஞ்சள், மல்லி டப்பாவில் வருகிற அதே செம்பழுப்புப் பொடி வண்டு. வெயில் ஊரில் முட்டை தானாகப் பொரிக்கும், நம்ம ஊர்ச் சூடு அதற்குத் தாராளம். துளை விழுந்ததை வெளியே போடுங்கள். மற்றதை ஜிப் பையில் காற்றை அமுக்கி மூடி மூன்று நாள் ஃபிரீசரில், ஒருநாள் ஃபிரிட்ஜில், பிறகு வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். டப்பாவையும் துடைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றேனே என்று யாரும் பிடிக்க வேண்டாம், அது வைத்துப் பாதுகாக்க, இது வண்டைக் கொல்ல.

குளச்சல்காரன்:

இன்று சாயங்காலம் பால் காப்பியோடு பிடித்தேன். மூக்கு வழியாக விட்டதில் கண் கலங்கி, அம்மா என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார். ஆனால் நடுவில் முந்திரி வந்தது, வந்தே விட்டது. அத்தானுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். கடைசி ஒன்றரை இஞ்ச் மட்டும் சூடாகி மறுபடி கசக்கிறது. அதையும் முடிக்கணுமா?

வடசேரி அண்ணாச்சி:

யார் சொன்னது? விரலுக்குச் சூடு தெரிந்தால் வைத்துவிடு. சிகரெட்டை நசுக்குகிறதுபோல் நசுக்காதே, அந்த நாற்றம் படியை விட்டுப் போகாது. சும்மா கிண்ணத்தில் கிடத்து, தானாக அணையும். தண்ணீர் ஊற்றிக் குப்பையில் போடு, முற்றத்தில் எறியாதே. அத்தான் அடுத்த தடவை திருவனந்தபுரத்தில் இறங்கும்போது வரியில்லாமல் 25 சுருட்டுதான், அதற்கு மேல் என்றால் கஸ்டம்ஸில் சொல்லணும் என்று இப்போதே சொல்லி வை.