களிமண் நிரப்பிய குழாயில் குளோரைடு ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது?

எம்.எஸ்சி. கடைசி வருடம். யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட் நிலத்தடி நீருக்கு எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதுதான் ப்ராஜெக்ட். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் வயல் களிமண்ணை இடித்துச் சலித்து, நாலு இஞ்ச் பிவிசி குழாயில் 30 செ.மீ. உயரத்துக்கு நிரப்பியிருக்கிறேன். மண்ணில் ஒட்டாத குளோரைடை முதலில் விட்டுப் பார் என்றார் கைடு. சாப்பாட்டு உப்புக் கரைசலை ஊற்றி, கீழே சொட்டுவதைப் பிடித்து எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று அளக்க சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் செய்கிறேன். 300 மி.லி. சேர்வதற்குள்ளேயே குளோரைடு எகிறுகிறது. அப்புறம் கழுவலாம் என்று டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சேற்றுத்தண்ணீர் மாதிரி கலங்கி வந்து, சொட்டுவதே நின்றுவிட்டது. மண்ணில் ஏதாவது கோளாறா?

பதில்: மண் மேல் பழி போடாதே தம்பி. உன் குழாய்க்குள் சுமார் 2,350 மி.லி. இடம், அதில் பாதி துளை என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 1,200 மி.லி. நீர் நிற்கும். களிமண் எதிர்மின் அயனியைத் தள்ளுவதால் குளோரைடு கொஞ்சம் முந்தும்தான், ஆனால் அந்த நீரில் கால் பங்கு (300 மி.லி.) வெளியேறுவதற்குள்ளேயே வராது. தண்ணீர் குழாய் ஓரமாக நழுவுகிறது. இடையில் காயவிட்டாயா?

கேட்டவர்: பொங்கல் லீவில் ஒரு வாரம் அப்படியே கிடந்தது அண்ணா.

பதில்: அதுதான். காய்ந்த களிமண் சுருங்கிச் சுவரை விட்டு விலகியிருக்கும். புதுக் குழாயின் உள்சுவரில் பசை தடவி மணல் ஒட்டு, மண்ணை இரண்டிரண்டு செ.மீ.யாகப் போட்டு, மேல்பரப்பைக் கீறிவிட்டு அடுத்ததைப் போடு, கீழிருந்து மெதுவாக நனை, காற்று வெளியேறட்டும். கலங்கலுக்குக் காரணம் சோடியம்: உப்பு அதைக் களிமண்ணில் ஏற்றிவிட்டது, டிஸ்டில்டு வாட்டர் பட்டதும் களி பிரிந்து துளையை அடைத்தது. கால்சியம் குளோரைடு விடு, கழுவ ஜிப்சம் கரைத்த நீர். களர் நிலத்தில் சோடியத்தை விரட்ட ஜிப்சம் போடுகிறோமே, அதே கதை.

இன்னொருவர்: குழாயைச் சரிசெய்யுங்கள், ஆனால் அந்த ஓர ஓட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள். சித்திரையில் நம் வயல் வெடித்துக் கிடக்கும்போது முதல் தண்ணீர் விரிசல் வழியாகத்தான் கடகடவென்று இறங்குகிறது. சலித்த மண் அதைக் காட்டாது, கலைக்காத மண்ணையும் ஒரு குழாயில் எடுங்கள். நைட்ரேட் குளோரைடு மாதிரியே ஓடும் என்றும் நினைக்காதீர்கள், தண்ணீர் நிற்கும் நெல் வயலில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதில் நிறையவே நைட்ரஜன் வாயுவாக்கிவிடும்.

கேட்டவர்: காய்ந்து கிடந்த இன்னொரு குழாயில் இப்போதுதான் பார்த்தேன். பஸ் டிக்கெட்டை ஓரத்தில் சொருகினால் முழுசாக உள்ளே போகிறது!