இரவில் மட்டும் துண்டிக்கும் யுஎஸ்பி கேமரா: நீளமான கேபிள்தான் காரணமா?

கேள்வி:
ஜன்னலுக்கு வெளியே சிட்டு ஒன்று கூடு கட்டி இரண்டு முட்டை இட்டிருக்கிறது. கூட்டைப் பார்க்க ஒரு யுஎஸ்பி கேமரா வைத்தேன். அதன் சொந்த கேபிள் 2 மீட்டர், அத்துடன் 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன். பகலில் படம் அருமையாக வருகிறது. இருட்டி அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் படம் உறைந்து, கேமரா துண்டித்துக்கொள்கிறது. பிறகு தானாக இணைகிறது, மறுபடி துண்டிக்கிறது. விடியும்வரை இதே கதை. எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் செருகினால் இரவிலும் ஓடுகிறது. குஞ்சு பொரிக்கும் நேரத்தைத் தவறவிட மனமில்லை, உதவுங்கள்.

பதில் 1:
கணினியில் யுஎஸ்பி மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

பதில் 2:
நேராகச் செருகினால் ஓடுகிறதே, அப்படியென்றால் கேபிளில்தான் கோளாறு. யுஎஸ்பி 2.0-க்குச் சொல்லும் 5 மீட்டர் வரம்பு டேட்டாவுக்கு. மின்சாரம் எவ்வளவு போய்ச் சேரும் என்பது செம்பின் தடிமனைப் பொறுத்தது. கேபிளின் மேலுறையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: ‘1பி’ டேட்டா ஜோடி, ‘2சி’ மின் கம்பிகள். கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு; எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது. 2சி-க்கு 28 கேஜ் என்றிருந்தால் மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போக ஒன்று, திரும்ப ஒன்று என்பதால் 3 மீட்டர் கேபிளை 6 மீட்டராகக் கணக்கிடுங்கள். விளக்கு எரியும்போது எக்ஸ்டென்ஷனின் மறுமுனையில் யுஎஸ்பி மீட்டர் (வோல்ட், ஆம்பியர் காட்டும் சின்னக் கருவி) வைத்து அளந்து சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மின்சேமிப்பை அணைத்தும் பலனில்லை. டார்ச் அடித்துப் படித்தேன், இரண்டு கேபிளிலும் 2சி 28 கேஜ்தான். கணினிப் பக்கம் 5.02 வோல்ட். மறுமுனையில் பகலில் 4.77. விளக்கு எரிந்ததும் 0.45 ஆம்பியர், 4.43 வோல்ட். 4.43 போதாதா? பழைய போன் சார்ஜரை வெட்டி நடுவில் இணைக்கலாமா?

பதில் 2:
அதற்கப்புறம் கேமராவின் சொந்த 2 மீட்டர் இருக்கிறதே! அதில் (4 மீட்டர் × 0.21 ஓம் × 0.45 ஆம்பியர்) இன்னும் 0.38 வோல்ட் போனால் கேமராவுக்குள் சேர்வது 4.05தான். சார்ஜரை அப்படி இணைக்க வேண்டாம், தயவுசெய்து. இரண்டு 5 வோல்ட்டும் ஒன்றோடொன்று மோதி, கணினியின் போர்ட்டுக்குள் மின்சாரம் திரும்பப் பாயலாம். கூட்டருகே பிளக் இருந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப் போடுங்கள். இல்லையா, 2சி 22 கேஜ் உள்ள எக்ஸ்டென்ஷன் போதும்.

கேள்வி கேட்டவர்:
அங்கே பிளக் இல்லை, அதனால் 22 கேஜ் மாற்றினேன். அதே விளக்கு, அதே 0.45 ஆம்பியர், இப்போது மறுமுனையில் 4.86 வோல்ட். நேற்று இரவு முழுக்க ஒருமுறைகூட அறுபடவில்லை. நாலரை மணிக்கு ஒரு முட்டையில் விரிசல் விழுந்ததைப் பார்த்தேன். மிக்க நன்றி.